காத்திருப்பவர் கைவிடப்பட்டவர் அல்லர்

இரவு மணி பதினொன்று. கூலாய் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் அரசாங்க மருத்துவமனை ஒன்றின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த தந்தையின் உள்ளங்கையை இயந்திரம் கிழித்துவிட்டது. கையைத் துவாலையால் இறுகச் சுற்றியிருக்கிறார். துவாலையில் இரத்தக் கறை. ஒரு மணி நேரமாகியும் அழைப்பு வரவில்லை. அப்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, தங்கையின் கையைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வருகிறார். காயமில்லை, இரத்தமில்லை, கூச்சலுமில்லை. “நெஞ்சைக் கரிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது” என்று மட்டும் சொல்கிறார். இரண்டே நிமிடத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி உள்ளே அழைத்துச் செல்கின்றனர். “நாங்கள்தானே முதலில் வந்தோம்!” என்று மகன் குரலை உயர்த்துகிறான்.

அந்த மகனின் கோபம் எனக்குப் புரிகிறது. இரத்தம் வழியும் தந்தையை அருகில் வைத்துக்கொண்டு யாரால்தான் அமைதியாக இருக்க முடியும்? ஆயினும், அவன் கேட்கும் நியாயம் அந்த இடத்துக்கு உரியதன்று என்பதே என் கருத்து. வங்கியிலும் அஞ்சலகத்திலும் முதலில் வந்தவருக்கு முதலிடம். அவசரப் பிரிவிலோ, முதலில் இறந்துவிடக்கூடியவருக்கே முதலிடம்.

இம்முறையை ‘டிரையாஜ்’ என்பர். வகை பிரித்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. நெப்போலியனின் படை மருத்துவரான டொமினிக் ழான் லாரே (1766-1842), காயமுற்றோரின் பதவியையோ நாட்டையோ பாராமல், காயத்தின் கடுமையை மட்டுமே பார்த்துச் சிகிச்சை அளித்தார். தளபதியின் சிராய்ப்பு காத்திருக்க, சாதாரண வீரனின் துண்டான கால் கவனிக்கப்பட்டது. நம் நாட்டு மருத்துவமனைகளில் இவ்வகைப்பாடு சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களால் அறியப்படுகிறது. நுழைவாயிலில் நம்மிடம் நான்கைந்து கேள்விகள் கேட்டு, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும் உதவி மருத்துவ அதிகாரியோ தாதியோ அந்த நிறத்தை முடிவு செய்கின்றனர். அவர்கள் வெறுமனே பெயர் பதிகின்றனர் என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்வது வேடிக்கை.

பிற மருத்துவர்கள், “இவருக்கு என்ன நோய்?” என்று கேட்கிறார்கள். அவசரப் பிரிவு மருத்துவரின் முதற்கேள்வி வேறு. “அடுத்த ஒரு மணி நேரத்தில் இவர் உயிரைப் பறிக்கக்கூடியது எது?” நெஞ்செரிச்சல் என்று ஒருவர் வந்தால், அது வயிற்றுப் புளிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவருக்கும் தெரியும். ஆனால், அவர் மாரடைப்பிலிருந்துதான் தொடங்குவார். அது இல்லை என உறுதியான பிறகே மற்றவற்றுக்கு இறங்கி வருவார். மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, இரத்த ஓட்டம் போதுமானதாக இருக்கிறதா என்ற வரிசையும் இதே சிந்தனையில் பிறந்ததுதான். மூச்சுப்பாதை அடைபட்டவரின் எலும்பு முறிவைப் பற்றி முதலில் கவலைப்பட்டு என்ன பயன்?

இதில் நம் உள்ளுணர்வுக்கு நேர்மாறான ஒன்று உண்டு. வலியால் உரக்கக் கத்துபவரைக் கண்டு நாம் பதறுகிறோம். மருத்துவரின் காதிலோ, கத்த முடிகிறது என்றால் மூச்சு உள்ளே போய் வருகிறது என்ற செய்தியும் சேர்ந்தே விழுகிறது. ஓரமாகச் சுருண்டு, வெளிறிய முகத்தோடு பேசாமல் கிடப்பவரே அவரை அதிகம் அச்சுறுத்துகிறார்.

மேலே சொன்ன பெண்மணியிடம் திரும்புவோம். மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு கூறியது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அவ்விகிதம் மிக அதிகம். நம் வீடுகளில் ‘இனிப்பு நீர்’ என்று சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோகும் அந்நோய், நரம்புகளின் உணர்ச்சியை மழுங்கச் செய்யும். ஆகவே, நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு ஏற்படும்போது நெஞ்சைப் பிளக்கும் வலி வராமலே போகலாம். வியர்வை, குமட்டல், களைப்பு, மூச்சு வாங்குதல் என்று மட்டுமே அது வெளிப்படக்கூடும். நாமோ ‘வாயு’ என்று முடிவு கட்டித் தைலம் தேய்த்து, வெந்நீர் கொடுத்துப் படுக்க வைக்கிறோம். நெஞ்சு வலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்திற்குள் இதயத் துடிப்பு வரைபடம் எடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. அந்தப் பத்து நிமிடத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர் வரிசையைத் தாண்டி அழைத்துச் செல்லப்பட்டார்.

கூலாய் போன்ற ஊரில் மருத்துவருக்கு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை, செனாய் விமான நிலையம், தொழிற்சாலைகள், செம்பனைத் தோட்டங்கள், சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்ல விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் புறப்படும் இளைஞர்கள் என எல்லாம் நெருங்கியிருக்கும் வட்டாரம் இது. இங்குள்ள துமெங்கோங் ஸ்ரீ மகாராஜா துன் இப்ராஹிம் மருத்துவமனையைத் தாண்டிப் பெரிய சிகிச்சைக்கு ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனையை நாட வேண்டியிருக்கலாம். ஆகவே, என்ன செய்வது என்பதோடு, எங்கே செய்வது, அதுவரை இவர் தாங்குவாரா என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். மூளையில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்தவருக்கு, அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். அதனால்தான், “எப்போது தொடங்கியது?” என்று மருத்துவர் விடாமல் கேட்கிறார். “காலையிலிருந்தே ஒரு மாதிரியாகத்தான் இருந்தார்” என்று நாம் பதிலளித்தால் அவர் என்ன செய்வார்? கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாகப் பேசினார் என்று சொல்லத் தெரிந்த ஒரு பேரப்பிள்ளை அந்நேரத்தில் பெரும் உதவி.

கூட்டம் பெருகினால் இந்தச் சிந்தனை எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை நம் மாநிலமே கண்டிருக்கிறது. 2019 மார்ச்சில், பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து நச்சு வாயு பரவியது. பள்ளி மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடும் குமட்டலோடும் சிகிச்சை நாடினர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. எல்லாப் பெற்றோருக்கும் தம் பிள்ளையே முதல் நோயாளி. அத்தகைய நேரத்தில் வந்த வரிசையைப் பின்பற்றினால், இருமுகின்ற நூறு பிள்ளைகளுக்குப் பின்னால் மூச்சுவிட முடியாத ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கும்.

இதற்காக, அவசரப் பிரிவில் எல்லாமே சரியாக நடக்கிறது என்று நான் வாதிடவில்லை. நீண்ட காத்திருப்புக்கெல்லாம் வகைப்பாடே காரணம் என்பதும் உண்மையன்று. ஆள் பற்றாக்குறையும் கட்டில் பற்றாக்குறையும் உண்டு. மருத்துவரும் தவறலாம். முதலில் மனத்தில் பதிந்த நோயையே பற்றிக்கொண்டு, பிறகு தோன்றும் அறிகுறிகளை அதற்கேற்ப வளைத்துப் பார்ப்பது களைத்த மூளையின் இயல்பு. குறிப்பாக, பச்சை நிறம் கொடுக்கப்பட்டவர் பச்சையாகவே இருந்துவிடுவார் என்பதற்கு உறுதியில்லை. டிங்கிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும்போது வீட்டார் நிம்மதி அடைகின்றனர். ஆபத்தான கட்டம் தொடங்குவதோ அப்போதுதான். காத்திருக்கும் வேளையில் கடும் வயிற்று வலியோ, ஓயாத வாந்தியோ, ஈறுகளில் இரத்தமோ தெரிந்தால் உடனே எழுந்து சென்று சொல்ல வேண்டும். பொறுமை என்ற பெயரில் வாய்மூடி இருப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதேபோல, காத்திருப்போரிடம் மணிக்கொரு முறையேனும் ஒருவர் வந்து நிலையை விசாரித்துக் காரணத்தையும் சொன்னால் பாதிக் கோபம் அங்கேயே அடங்கிவிடும். இது மருத்துவமனைகள் செய்யக்கூடியதே.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. மூன்று நாள் இருமலுக்கு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குச் செல்வோர் உள்ளனர். பகலில் விடுப்பு கிடைக்காத தொழிலாளியை இதற்காக நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், விடுப்பும் வசதியும் இருந்தும் கிளினிக்கில் காத்திருக்க மனமில்லாமல் வருவோர், தாதியரின் நேரத்தைப் பிறரிடமிருந்து எடுத்துக்கொள்கின்றனர்.

அந்த மகன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. “அப்பாவின் விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன, இரத்தம் இன்னும் நிற்கவில்லை. மீண்டும் ஒருமுறை பார்க்க முடியுமா?” என்று அவன் கேட்டிருந்தால், உதவி மருத்துவ அதிகாரி துவாலையை விலக்கிப் பார்த்திருப்பார். நரம்பு அறுந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் நிறமும் மாறியிருக்கும்.