குப்பிக்குள் ஒரு சாட்சி

இருபதாம் நூற்றாண்டு தாவரவியலுக்கு அளித்த கொடைகளுள் திசு வளர்ப்பு தலையாயது எனலாம். 1964இல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகாவும் மகேஸ்வரியும் ஓர் ஊமத்தை இனச் செடியின் மகரந்தப் பையிலிருந்து கருக்களை உருவாக்கி உலகை வியக்க வைத்தனர். சிவனுக்கு உகந்ததென நாம் கொண்டாடும் ஊமத்தைக்கு அறிவியலிலும் ஓர் இடம் கிடைத்தது!

ஆயினும் நான் இங்குக் கூற விழைவது குப்பியின் வேறொரு பயனை. வயலில் பயிர் வாடினால் மழை பொய்த்தது, பூச்சி அரித்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். குப்பிக்குள் அதற்கு இடமில்லை. சத்துகள், ஊக்கிகள், ஒளி, வெப்பம் யாவும் சமம். ஒரு குப்பியில் மட்டும் குரோமியம் கூடுதல். அதன் அளவு உயர உயர வேர் குறுகுகிறது, பச்சையம் குன்றுகிறது, செல்திரள் பழுப்பேறி மடிகிறது. பழியை வேறெதன்மேலும் போட இயலாது.

இந்தச் சாட்சியம் நமக்கு அயலானதன்று. 1989 வரை நம்மோடு ஒரே வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்தவை ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை. அங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரில் குரோமியமும் உப்பும் கலந்திருந்தன. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் ஆய்வுச் செய்தி, உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் நெறி.

"நஞ்சைத் தாங்கும் செல்களைக் குப்பியிலேயே தேர்ந்தெடுத்துப் புதிய பயிர் உண்டாக்கலாமே" என்பர் சிலர். முயற்சி நல்லதே, பாழ்பட்ட மண்ணில் மரம் நட அது உதவும். ஆனால் அதையே தீர்வென்று கொள்வதை நான் ஏற்கமாட்டேன். குப்பியில் தாங்கிய செல், செடியாகி வயலில் நிற்கும்போதும் தாங்கும் என்பது உறுதியன்று. அப்படியே தாங்கினாலும், நஞ்சைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு செழிக்கும் கீரை நம் உலைக்கு வந்தால் என்னாகும்? செடி பிழைத்தது, உண்டவன் பிழைப்பானா? மேலும், பயிரைப் பழக்கிவிட்டால் கழிவைச் சுத்திகரிக்கும் கடமையை ஆலை மறந்துவிடாதா?

தாவரவியல் பயிலும் நண்பர்களே! வாடிய அந்தச் சிறு வேர் நம்மிடம் மருந்து கேட்கவில்லை. நஞ்சை நிறுத்தச் சொல்கிறது. அதன் சாட்சியத்தை ஆய்வகக் குறிப்பேட்டில் பூட்டி வைக்காமல், உழவரிடமும் ஆட்சியாளரிடமும் எடுத்துச் செல்வது நம் கடமையன்றோ?