எதை விடுவது, எதை வைப்பது?

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எம்மவர் வீடுகளின் நிலக்கீழ் அறைகளிலே தமிழ் நூல்கள் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டுள்ளன. ஒற்றைப் பையோடு வந்திறங்கியவர்கள் நம்மிற் பலர். இந்நூல்கள் பின்னர் சேர்ந்தவை: ஊரிலிருந்து தபாலில் வந்தவை, கடைகளில் ஆசையோடு வாங்கியவை, வெளியீட்டு விழாக்களில் முகத்துக்காகக் கடித உறை கொடுத்துப் பெற்றவை. வாசித்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. பேரப்பிள்ளைகளிற் பலருக்குத் தமிழ் விளங்கும், வாசிக்க வராது. வீடு கைமாறும் நாளில் இப்பெட்டிகள் குப்பையோடு வெளியேறுகின்றன.

நூல் காலிற் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எமது வழக்கம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டதை நாம் மறந்தவர்களுமல்லர். ஆகவே எந்த நூலையும் கைவிட மனம் ஒப்புவதில்லை. ஆயினும், எவரும் திறவாத பெட்டியில் ஈரம் குடித்துக் கிடக்கும் நூலை நாம் காக்கின்றோம் எனக் கூற முடியுமா?

தரம் பிரித்தலே இதற்கு வழி. ‘பொன்னியின் செல்வன்’ பல பதிப்புகள் கண்ட நாவல். உங்கள் வீட்டுப் பிரதி போனாலும் அது அழியாது. இத்தகைய நூல்களை வாசிப்போருக்குக் கொடுங்கள். கொள்வாரில்லையேல் மீள்சுழற்சிக்கு விடுங்கள். அதிற் பாவமில்லை.

நாம் முதலில் எறிய நினைக்கும் மெல்லிய பிரசுரங்களே பெரும்பாலும் அரியவை: அந்தியேட்டியன்று வழங்கிய நினைவு மலர், ஊர்ச் சங்க மலர், பழைய மாணவர் சங்க மலர், சில இதழ்களோடு நின்றுபோன சஞ்சிகை. இவை சிறு தொகையாக அச்சிடப்பட்டவை, மறுபதிப்புக் காணாதவை. போரினால் வெறுமையான கிராமங்களின் குடும்ப வழிகளும் கோயில் வரலாறுகளும் ஆசிரியர்களின் பெயர்களும் இவற்றிலேதான் எஞ்சியுள்ளன.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டுப்பிரசுரங்களையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்தபின், 1994 இல், அச்சேகரிப்பே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயிற்று. ஈழத்து ஆவணங்களைப் படியெடுத்து எவரும் இலவசமாக வாசிக்க இணையத்தில் வைக்கும் பணியை நூலகம் திட்டம் 2005 இலிருந்து செய்து வருகின்றது. அங்கே இல்லாதது உங்கள் வீட்டில் உண்டா எனப் பாருங்கள். இருந்தால் அவர்களோடு தொடர்பு கொள்ளுங்கள். கேளாமற் பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்குவது எந்நூலகத்துக்கும் உதவியாகாது.

இவ்வேலையைப் பிள்ளைகளின் தலையில் விட்டுச் செல்வது முறையன்று. எந்த மலர் எந்த ஊருடையது, படத்தில் நிற்பவர் யார் என்பதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்று நம்மிடையே இருக்கின்றார்கள். வரும் வார இறுதியில் அவர்களை அருகில் இருத்தி ஒரு பெட்டியையாவது திறவுங்கள். அவர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளைகள், தமக்குத் தெரிந்த மொழியிலாயினும், எழுதி வைக்கட்டும்.