ஓடை கெட்டுவிட்டதா? கல்லைப் புரட்டிப் பாருங்கள்!

கேள்வி: எங்கள் மரவள்ளிக் காட்டை ஒட்டி ஓடை ஓடுகிறது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவதும் அதில்தான். மேலே சேகோ ஆலை வந்த பிறகு மீன் குறைந்துவிட்டது. ஆனால், பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. ஓடை கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்.

பதில்: பாட்டில் தண்ணீர் அந்த நேரத்து நிலவரத்தை மட்டுமே காட்டும். இரவில் கழிவு வந்து, பகலில் நல்ல தண்ணீர் ஓடினால் ஏமாந்துபோவோம். வாரக்கணக்கில் ஓடையிலேயே கிடக்கும் பூச்சிகள்தான் சரியான சாட்சி.

பழைய கொசுவலைத் துண்டு, வெள்ளைத் தட்டு இரண்டும் போதும். வெள்ளம் வடிந்து, ஓடை நிதானமாக ஓடும் நாளில் பாருங்கள். ஆலைக் கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், உங்கள் காட்டருகே ஓரிடம் என மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னால் உள்ள கற்களைப் புரட்டித் தேய்த்து, வலையில் சேர்ந்ததைத் தட்டில் கொட்டுங்கள்.

வாலில் மூன்று மெல்லிய இழைகளும் வயிற்றின் பக்கங்களில் செவுளும் உள்ள பூச்சிகள், மணல் துகள்களால் கூடு கட்டிய புழுக்கள் எனப் பலவகை இருந்தால் நல்லது. இவற்றுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். மாவுக் கழிவு அழுகும்போது ஆக்சிஜன் குறையும். அப்போது இவை மறைந்து, சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டும் மொய்க்கும்.

மீன் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். விரால், தேளி போன்றவை மேலே வந்து காற்றைச் சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். மற்ற மீன்கள் விடியற்காலையில் நீர்மட்டத்தில் வாய் பிளந்தால் அது ஆபத்து அறிகுறி.

மேலே நிறைய வகை, கீழே சிவப்புப் புழு மட்டும் என்றால், இடையில் கலக்கும் கழிவின் மீது சந்தேகம் வலுக்கிறது. தேதியுடன் படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஆலைக்குக் கீழேயும் பூச்சிகள் இருந்து, உங்கள் காட்டருகே மட்டும் இல்லையென்றால்? மருந்தடித்த டேங்கை ஓடையில் அலசும் பழக்கம் நம்மிடமும் உண்டு. அதை முதலில் நிறுத்துவோம்.

ஒரு எச்சரிக்கை: நோய்க்கிருமியையும் உப்பையும் பூச்சிகளை வைத்து முடிவு செய்ய முடியாது. பாசன நீரின் உப்பை மண் பரிசோதனை நிலையத்தில் பாருங்கள். சந்தேகம் தீரும்வரை மாடுகளுக்குக் கிணற்றுத் தண்ணீரையே காட்டுங்கள். கிணறு ஓடைக்கரையில் இருந்தால் அதையும் பரிசோதித்துவிடுங்கள்.