ஏரிக்கரையில் எது பாவம்?



கோடை விடுமுறையோ பெருநாள் விடுமுறையோ நெருங்கினால் நம் திருப்பூர்ப் பகுதியில் ஒரு பயான் தவறாமல் ஒலிக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் என்று குடும்பத்தோடு புறப்படுவது வீண் விளையாட்டு. படகு, சைக்கிள் என்று பெண்மக்களை அழைத்துச் செல்வது மார்க்கத்திற்குப் புறம்பு என்பதே அதன் சாரம். அந்தப் பயானை நாமும் செய்திருக்கிறோம். அது தவறு என்று எழுத வேண்டிய கடமை இன்று நமக்கு இருக்கிறது. மலைக்குச் செல்வோர் பாவமே செய்வதில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பாவம் நடக்கிறது. ஆனால் நாம் விரல் நீட்டிய இடத்தில் அது இல்லை.

சென்ற பெருநாள் விடுமுறையில் நம் மஹல்லாவின் சில குடும்பங்கள் இரண்டு வேன்களில் கொடைக்கானல் சென்றன. நாமும் உடன் சென்றோம். 1863-ஆம் ஆண்டு மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் ஓடைகளை மறித்து உருவாக்கிய ஏரி அது. அதைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்குச் சாலை ஓடுகிறது. வாடகைச் சைக்கிளில் ஏரியை வலம் வருவது அங்கே வழக்கம். நம் மக்தபில் ஓதும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தலை மூடி, கண்ணியமாக உடுத்தி, தன் அத்தாவிடம் சைக்கிள் கேட்டாள். அவரும் இசைந்தார். உடன் வந்த பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார்: "பெண்பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள்? ஹஜ்ரத் இருக்கிறார், கேளுங்கள்." எல்லோரும் நம்மைப் பார்த்தனர். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே தீர்ப்பாயிற்று. அவளுடைய தம்பி இருமுறை ஏரியைச் சுற்றி வந்தான். அவள் வேனிலேயே அமர்ந்திருந்தாள்.

பகலில் கரையிலேயே பிரியாணி பரிமாறப்பட்டது. உண்டு முடித்ததும் எலும்புகளும் காகிதத் தட்டுகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் புல்லிலேயே கிடந்தன. எண்ணெய் படிந்த தேக்சாவை ஏரி நீரிலேயே கழுவினர். சிறுமியைத் தடுத்த பெரியவரும் அந்த நீரில்தான் கை அலம்பினார். யாரும் யாரையும் தடுக்கவில்லை. நாமும் தடுக்கவில்லை. சிறுமியின் சைக்கிளைப் பற்றிப் பேச நமக்கு நூறு சொற்கள் தயாராக இருந்தன. ஏரியில் மிதந்த எண்ணெயைப் பற்றிப் பேச ஒரு சொல்லும் இல்லை. நம் பயான்களின் தராசு எங்கே சாய்ந்து கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மார்க்கத்தின் தராசு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். திருக்குர்ஆனின் 88-ஆவது அத்தியாயம் ஒட்டகத்தையும் வானத்தையும் பூமியையும் பார்த்துச் சிந்திக்கச் சொல்லும் வரிசையில், மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்றும் பார்க்கச் சொல்கிறது. அந்த அழைப்பு ஆணுக்கு மட்டும் என்று எந்த விரிவுரையாளர் சொன்னார்? நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்ததை அபூதாவூதில் நாமே பாடம் நடத்துகிறோம். முதலில் அன்னை வென்றார்கள். பின்னர் ஒருமுறை நபியவர்கள் வென்றார்கள். பெருநாளன்று அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னையவர்கள் சலிக்கும்வரை பார்க்க நபியவர்கள் துணை நின்றதும் புகாரியில் இருக்கிறது. உடலுக்கும் உரிமை உண்டு, மனைவிக்கும் உரிமை உண்டு என்று இரவும் பகலும் வணக்கத்தில் மூழ்கிய தோழருக்கே அவர்கள் உணர்த்தினார்கள்.

அந்த உரிமை நம் ஊரில் யாருக்கு மிகவும் மறுக்கப்படுகிறது? பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து, வீட்டில் அடுப்பை மூட்டும் பெண்ணுக்கு. செக்கிங் மேசையில் நாள் முழுதும் நின்று கால் வீங்கும் சகோதரிக்கு. வீட்டுத் திண்ணையில் பிசிர் வெட்டியே கண் மங்கும் தாய்க்கு. இளைஞர்கள் பைக்கில் கூட்டமாக வால்பாறைக்குப் பறப்பதை நாம் தடுப்பதில்லை. இவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பஞ்சுத் தூசியில்லாத காற்றைச் சுவாசிக்க விரும்பினால் மட்டும் மார்க்கச் சட்டம் நம் நினைவுக்கு வருகிறது.

இனி எதைத் தடுக்க வேண்டும்? தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபியவர்கள் தடுத்தார்கள். நீர்நிலையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்திற்குரியது என்று எச்சரித்தார்கள். பிறர் பயன்படுத்தும் நீரையும் இடத்தையும் கெடுக்காதே என்பதே இவற்றின் உள்நோக்கம். ஃபிக்ஹு நூல்களில் தொழுகையின் பாடத்திற்கு முன்பே தண்ணீரின் பாடம் வந்துவிடுகிறது. அதை ஓதிக்கொடுக்கும் நாமே ஏரிக்கரையில் வாய்மூடி நின்றோம். கொடைக்கானல் ஏரியில் வழியும் நீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுந்து கீழே இறங்குகிறது. கழுவிய எண்ணெய் கரையோடு நிற்பதில்லை.

இதைத் திருப்பூர்க்காரர்களாகிய நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? நொய்யலும் மலையில் பிறந்த நீர்தான். வெள்ளியங்கிரியில் தெளிவாகப் புறப்படும் ஆறு நம் ஊரைக் கடக்கையில் சாயமாக மாறியதை நாம் கண்ணால் கண்டோம். பாசனத்திற்கென்று கட்டி 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கீழே இருந்த உழவர்களின் நிலமும் கிணறும் பாழாயின. கழிவை அறவே வெளியேற்றாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறை நம்முடையது இல்லையே என்று ஒதுங்க முடியாது. அந்தப் பனியன் தந்த கூலியில்தான் நம் வீட்டு உலையும் கொதித்தது. ஓர் ஆற்றை இழந்த ஊரார் இன்னொரு மலையின் நீரில் எச்சிலைக் கொட்டுவது எவ்வளவு பெரிய வெட்கம்!

"ஹஜ்ரத், அங்கே பாட்டும் கூத்தும் ஆண் பெண் கலப்பும் இருக்கின்றனவே" என்று கேட்பீர்கள். இருக்கின்றன. கடைவீதியிலும் திருமண மண்டபத்திலும் இருக்கின்றன. அங்கெல்லாம் பார்வையைத் தாழ்த்தி, மஹ்ரமுடன் சென்று வருகிறோம். ஏரிக்கரையிலும் அதே ஒழுக்கம் போதும். கடன் வாங்கிச் சுற்றுவது வீண்விரயமே. அதில் நமக்கு மறுப்பில்லை. தொழுகை தவறுமே என்றால், திருப்பூரிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பயணியின் சலுகை அங்கே உண்டு: லுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழலாம். அல்லாஹ் பயணத்தை எளிதாக்கியிருக்கிறான். அதைக் கடினமாக்குவது நாம்தான்.

எல்லா வீட்டாரும் மலையில் பொறுப்பின்றி நடந்ததன் விளைவையும் காண்கிறோம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள்தாம் என்று வரம்பும் விதித்தது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளை என்று நம்பும் சமுதாயம், நீதிமன்றம் சொல்லித்தான் திருந்த வேண்டுமா?

ஆகவே அடுத்த பயணத்திற்கு மூன்றைச் சொல்கிறோம். வீட்டுப் பெண்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கொண்டு சென்ற ஒவ்வொரு தட்டையும் பாட்டிலையும் சாக்கில் கட்டித் திருப்பூருக்கே கொண்டுவாருங்கள். ஏரி நீரில் பாத்திரம் கழுவாதீர்கள். ஆலிம்களாகிய நாம் பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில் இதை மிம்பரில் சொல்ல வேண்டும்.

அந்தச் சிறுமி இப்போதும் நம்மிடம் ஓத வருகிறாள். அவளுடைய அத்தாவிடம் நாம் வருத்தம் தெரிவித்தோம். அவளிடமும் சொன்னோம். "அடுத்த தடவை போகும்போது நீங்களே சொல்லிவிடுங்கள் ஹஜ்ரத்" என்றாள். இன்ஷா அல்லாஹ், சொல்வோம்.

நன்மையை ஏவ வேண்டிய இடத்தில் வாய் திறக்கவும், அறியாத இடத்தில் தீர்ப்பளிக்காதிருக்கவும் அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.