மார்பின் மீதான வீண் அச்சம்

புற்றுநோயாளிக்கு வலி தணிக்க மார்பின் கொடுத்தால் அவர் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்னும் வாதம், உடல்சார்பையும் அடிமைத்தனத்தையும் குழப்பிக்கொள்கிறது. வாரக்கணக்கில் மார்பின் எடுப்பவரின் உடல் அதற்குப் பழகிவிடும்; திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வரும். அளவைப் படிப்படியாகக் குறைத்தால் இவற்றைப் பெருமளவு தவிர்க்கலாம். நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரையையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதை யாரும் போதை என்பதில்லை.

அடிமைத்தனம் வேறு: கேடு தெரிந்தும் கட்டுப்படுத்த முடியாமல் நாடுவது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு, மருத்துவர் சொன்னபடி மருந்து எடுப்பவர் அதை நிறுத்தும்போது தோன்றும் விலகல் அறிகுறிகளை அடிமைத்தனத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆபத்து அறவே இல்லை என்பதல்ல, கண்காணிப்பு தேவை. ஆனால் இந்த அச்சத்துக்காக வலியில் துடிப்பவருக்கு மருந்தை மறுப்பது கொடுமை. இந்தியாவில் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளுக்கே மார்பின் அரிதானது. அதைத் தளர்த்தவே 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.