மனப்பாடத்துக்கு முன் விவாதம்

பத்தாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுக்கிறேன். தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்புச் சட்டப்பிரிவு 17-ஐப் பிள்ளைகள் ஒரு மதிப்பெண்ணுக்காக உருப்போடுவதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றது 1948 நவம்பர் 29 அன்று. சென்னை மாகாணத்திலிருந்து போன வி.ஐ. முனுசாமிப் பிள்ளை பேசினார். சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினரான தாட்சாயணி வேலாயுதனும் பேசினார். அன்றைய பேச்சு முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆங்கிலத்தில். ஒருநாள் வகுப்பில் அதைக் கைபேசியில் எடுத்து, வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்: “அப்புறம் ஏன் சார் எங்க ஊர் டீக்கடையில இன்னும் தனி கிளாஸ்?” அன்று மணி அடித்த பிறகும் வகுப்பு கலையவில்லை.

உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வின் விசாரணைகளையும் 2022 செப்டம்பர் முதல் நேரலையில் பார்க்க முடிகிறது. அதுவும் ஆங்கிலமே. இலவசம் என்றால் மட்டும் கிராமத்துப் பிள்ளைக்கு எட்டிவிடாது. பாடத்துக்கு இரண்டு பக்க விவாதப் பகுதியைத் தமிழில், ஒலிப்பதிவோடு, பாடநூலின் கியூஆர் குறியீட்டிலேயே பள்ளிக் கல்வித் துறை சேர்க்க வேண்டும். அதை வைத்து வகுப்பு நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும். மொழிபெயர்க்க ஆள் தேவையென்றால், கோடை விடுமுறையில் உட்கார நான் தயார்.