'கர்': கழுதை மட்டுமா?

பாரசீகத்தில் 'கர்' என்றால் கழுதை. இதில் நமக்கு எவரோடும் பிணக்கில்லை. அதனை வெறும் வசைச்சொல் என்று ஒதுக்குவோரோடும், கண்ட இடமெல்லாம் 'கழுதை' என்று எழுதிவிட்டு மொழிபெயர்ப்பு முடிந்தது என எண்ணுவோரோடுமே பிணக்கு. பாரசீகம் என்றாலே ரோஜாவும் புல்புல்லும் என மயங்கும் நம் இலக்கிய அன்பர்கள், அம்மொழியின் அன்றாடச் சுமையைத் தூக்கிவரும் இவ்விலங்கை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

முதலில் பிறப்பு. அவெஸ்தாவில் 'கர', பஹ்லவியில் 'கர்', வடமொழியிலும் 'கர'. உடனே, வடமொழியிலிருந்து பாரசீகம் கடன்பெற்றது என்று கொடிபிடிப்போர் உளர். ஒத்த சொல் உறவுக்குச் சான்றாகலாம், கடனுக்கு ஆகாது. இந்தோ-ஈரானியம் என்னும் ஒரு தாயின் மக்கள் இம்மொழிகள். அத்தாய்க்கே இச்சொல், நடு ஆசியாவில் வழங்கி மறைந்த வேறொரு மொழியினின்று வந்திருக்கலாம் எனக் கருதும் அறிஞரும் உண்டு.

அடுத்து, இழிவு என்னும் வாதம். சரதுஷ்டிர சமயத்தாரின் யஸ்னா, கடல் நடுவே நிற்கும் புனிதக் கழுதையைப் போற்றுகிறது. மூன்று கால், ஆறு கண், ஒன்பது வாய், ஒற்றைக் கொம்பு என அதனை வருணிக்கும் புந்தஹிஷ்ன் நூல், நீரைத் தூய்மை செய்வது அதன் பணி என்கிறது. வணங்கத்தக்க ஒன்றின் பெயராகவும் இருந்த சொல் இது.

இனி வழக்கு. முயல் 'கர்கோஷ்', அதாவது கழுதைக்காது. நண்டு 'கர்ச்சங்க்'. ஆனால் மாட்டைக் கடிக்கும் பெரிய ஈயாகிய 'கர்மகஸ்' என்பதில் கழுதை எங்கே? அங்கே 'கர்' என்பது பெரிய, முரட்டு என்று பொருள்படும் முன்னொட்டு. பணம் கொழுத்தவன் 'கர்பூல்'. இரவுபகலாகப் புத்தகத்தை உருப்போடும் மாணவன் 'கர்கூன்'. இவற்றைக் 'கழுதைப் பணக்காரன்', 'கழுதை வாசகன்' என்று பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். 'கர் தூ கர்' என்றால் ஒரே குழப்பம். 'அவன் கழுதை பாலத்தைக் கடந்துவிட்டது' என்றால், காரியம் முடிந்ததும் கைவிட்டான் என்பது பொருள். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

ஈரானியர் மட்டும் இச்சொல்லுக்கு நியாயம் செய்தனரா? அதுவும் இல்லை. விலங்கை நாகரிகமாகச் சுட்ட வேண்டுமெனில் அவர்கள் நாடுவது 'ஒலாக்' என்னும் துருக்கியச் சொல்லை. வந்த சொல்லுக்கு மரியாதை, வீட்டுச் சொல்லுக்கு வசை! முட்டாளைத் திட்டவும் 'கர்', முகத்துதி செய்து ஏமாற்றுவதைக் 'கழுதையாக்குதல்' என்று சொல்லவும் அதே 'கர்'.

பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனின் பொதியைச் சுமந்த உயிரின் பெயர் வசையானது அவ்விலங்கின் குற்றமன்று. சுமக்க வைத்தவன் குற்றம். அக்குற்றத்தை மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து சுமக்க வேண்டியதில்லை என்பதே நம் கட்சி.